சபூர்: யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்

புத்தளத்தில் விடிய ஐந்தரைக்கு ஏறி, அநுராதபுரத்தில் பஸ் மாறி, வவுனியா வரை ஒற்றைக் காலில் நின்று, ஓமந்தை தாண்டித்தான் ஒரு சீட் கிடைத்தது. ஆனையிறவில் கண்ணாடியைத் திறந்துவிட்டேன், உப்புக் காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் இருந்த பெண் பிள்ளைக்குச் சளி என்று சொன்னார், மூடிவிட்டேன். ஐந்து சந்தியில் இறங்கும்போது பின்னேரம் மூன்று மணி.

வந்தது இரண்டு வேலைக்கு. ஒன்று, சோனகத்தெருவில் இருக்கும் வாப்பாவின் காணி. காணி உறுதி 1990 இல் போனது போனதுதான், பிரதி எடுக்க அலைகிறோம். மற்றது மாமா இழுத்துவிட்ட வேலை. மாமா இங்கே திரும்பி வந்து குடியேறியவர், பள்ளி நிர்வாக சபையில் இருக்கிறார். “நீ சரித்திரம் படிப்பிக்கிற ஆள், வாற நேரம் எங்கட பெடியன்களுக்கு இஷா தொழுகைக்குப் பிறகு ஏதும் பேசன்” என்று போனில் சொன்னார். நானும் யோசிக்காமல் கான் அப்துல் கப்பார் கானைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன், எல்லைக் காந்தி என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் வந்துபோகும் அந்தப் பட்டாணியர், அகிம்சையால் பிரித்தானியரை எதிர்த்தவர். இங்கே வந்து இறங்கினால் மாமா தலையைச் சொறிகிறார். சபையில் யாரோ, அகிம்சை என்று பள்ளியில் பேசுவதென்றால் முதலில் மௌலவியிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பேசுகிற ஆள் மௌலவி இல்லையே, குர்ஆன் வசனத்துக்கு இவர் எப்படி விளக்கம் சொல்லலாம் என்று இன்னொருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான், எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்தது.

பின்னேரம் தெருவால் நடந்தேன். கூரை இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன, ஹோலுக்கு நடுவில் மரம் முளைத்து சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. பக்கத்திலேயே டைல்ஸ் போட்ட புது வீடு. அதற்குப் பக்கத்தில் வேறு யாருக்கோ விற்றுவிட்ட வளவு. எங்கள் கிணறு இருக்கிறது, கட்டு இல்லை.

1990 ஒக்டோபர் 30, அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒலிபெருக்கியில் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னார்கள், அங்கே வைத்து இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும் என்று புலிகள் இயக்கம் சொன்னது. எனக்கு எட்டு வயது. இதே ஐந்து சந்தியில்தான் ஆட்களைச் சோதித்து நகையையும் காசையும் எடுத்தார்கள். அந்த மாதத்தில் வடக்கு மாகாணம் முழுவதிலும் இருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், சாவகச்சேரி ஆட்களுக்கு எங்களுக்கு முன்னமே நடந்துவிட்டது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட சொல் சபூர், பொறுமை. சபூர் செய்யுங்கள். வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கத்தில் சபூர், நிவாரண லைனில் சபூர், மலேரியாவில் பிள்ளை மௌத்தான வீட்டிலும் சபூர். சின்ன வயதில் அது எனக்கு ஒரு பெரிய ஆள் வாயை மூடச் சொல்லும்போது பாவிக்கும் சொல்லாகத்தான் பட்டது.

கப்பார் கானைப் படித்த பிறகு அந்தச் சொல் மேல் இருந்த கடுப்பு குழம்பிப்போனது. அதைத்தான் பேச நினைத்தேன். பார்ப்போம்.

இரண்டாம் நாள், புதன்

காலையில் பிரதேச செயலகம். எழுத ஒன்றும் இல்லை, நாளை வரச் சொன்னார்கள்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவியைப் பார்த்தேன். கிழவராக இருப்பார் என்று நினைத்துப் போனால் என்னைவிடப் பத்து வயது குறைவு. புத்தளம் முகாமில் பிறந்தவர், யாழ்ப்பாணத்தை முதல் தடவை பார்த்ததே யுத்தம் முடிந்த பிறகு என்றார். இஞ்சி பிளேன்டீ வந்தது. நேரே விஷயத்துக்கு வந்தார்.

“சேர், அகிம்சை எங்கட சொல் இல்ல. சமணர்ட சொல், காந்திட சொல். எங்களுக்கு சபூர் இருக்கு, சுல்ஹ் எண்ட சமாதானம் இருக்கு, மன்னிப்பு இருக்கு. பத்ர் யுத்தமும் இருக்கு. நீங்க வந்து இஸ்லாத்தில சண்டையே இல்லண்டு பேசிட்டுப் போனா, அடுத்த நாள் ஒரு பெடியன் குர்ஆன் ஆயத்தைத் தூக்கிட்டு வந்து என்னட்ட கேப்பான். நான்தான் பதில் சொல்லணும்.”

நல்ல கேள்வி இது. நேற்று இரவு நான் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த கற்பனை மௌலவி இவ்வளவு நேர்மையாகக் கேட்கவில்லை.

கப்பார் கானும் அகிம்சை என்ற சொல்லோடு தொடங்கவில்லை என்று சொன்னேன். 1890 இல் உத்மான்சாயில் பிறந்தவர், பெஷாவர் மிஷன் பள்ளியில் படித்தவர், இருபது வயதில், 1910 இல், ஊரில் பள்ளிக்கூடம் திறந்தவர். முதலில் எதிர்த்தது உள்ளூர் முல்லாக்களில் சிலர். ஆனால் துணைக்கு நின்றவரும் ஒரு மார்க்கப் பெரியவர்தான், துரங்சாய் ஹாஜி. 1929 இல் குதாயீ கித்மத்கார் இயக்கத்தைத் தொடங்கினார், இறைவனின் பணியாளர்கள் என்று அர்த்தம். அவர்களிடம் அவர் சொன்னது இதுதான்: பொலிஸும் இராணுவமும் எதிர்த்து நிற்க முடியாத ஒரு ஆயுதம் தருகிறேன், அது நபியின் ஆயுதம், பொறுமையும் நேர்மையும். பொறுமைதான். நாங்கள் முகாமில் கேட்ட அதே சபூர்.

“ஆயுதம்” என்று மௌலவி ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார், “இவர் எங்க ஓதினவர்?”

மதரஸாவில் ஓதிப் பட்டம் வாங்கியவர் இல்லை என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு கதவு பாதி சாத்தியது. அப்போதுதான் ஜவ்தத் ஸயீதின் பெயரை எடுத்தேன். சிரியாக்காரர், கோலான் பக்கம் பிஃர் அஜம் என்ற ஊர், 1931 இல் பிறந்து 2022 இல் இஸ்தான்புலில் மௌத்தானவர், கெய்ரோ அஸ்ஹரில் படித்தவர். அஸ்ஹர் என்றதும் மௌலவி நிமிர்ந்து உட்கார்ந்தார். (சிரிப்பு வந்தது, பிளேன்டீயைக் குடித்து மறைத்தேன். நானும் யுனிவர்சிட்டிப் பெயர் கேட்டு நிமிர்கிற ஆள்தான்.) 1966 இல் அவர் எழுதிய நூலின் அடிப்படை ஆதமின் இரண்டு பிள்ளைகளின் கதை. சூரா மாஇதாவில் வரும். தம்பியைக் கொல்ல அண்ணன் எழும்புகிறான், தம்பி சொல்கிறார், என்னைக் கொல்ல நீ கையை நீட்டினாலும் உன்னைக் கொல்ல நான் கையை நீட்ட மாட்டேன். ஸயீத் அதைப் பழங்கதையாக விட்டுவிடாமல் முஸ்லிம்கள் அரசியல் செய்யும் வழியாக வாசித்தார். 2011 இல் தாரய்யா ஊர் இளைஞர்கள், சுட வந்த சிப்பாய்களுக்கு ரோஜாவும் தண்ணீர்ப் போத்தலும் நீட்டியதற்குப் பின்னால் அந்த வாசிப்பின் செல்வாக்கு இருந்தது. அப்படி நீட்டிய கியாத் மத்தர் என்ற இளைஞரைச் சில மாதங்களில் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்து சடலமாகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதையும் சொன்னேன், வெற்றிக் கதை மட்டும் சொல்வது களவு.

மௌலவி வசனத்தை அரபியில் மெதுவாக ஓதினார். ஓதி முடித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவராகவே இந்தியாவின் தேவ்பந்த் மதரஸா பக்கம் போனார். மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனி காங்கிரஸோடு நின்றவர், 1920 இல் ஐந்நூறு உலமா, மார்க்க அறிஞர்கள், ஒத்துழையாமைக்கு ஆதரவாக ஃபத்வா என்ற மார்க்கத் தீர்ப்புப் போட்டவர்கள், அதெல்லாம் ஓதும் காலத்தில் கேள்விப்பட்டது என்றார். நபியவர்கள் மக்காவின் குறைஷிகளோடு செய்த ஹுதைபியா உடன்படிக்கையையும் அவர்தான் எடுத்தார். அதில் ரஸூலுல்லாஹ், இறைவனின் தூதர், என்ற சொல்லை வெட்டினால்தான் கையெழுத்து என்று குறைஷிகள் நின்றார்கள், அலி அவர்களுக்கு அதை அழிக்கக் கை வரவில்லை, நபியவர்களே அழித்தார்கள். “தன்ட பேரில இருந்த பெரிய சொல்ல, தானே அழிச்சாங்க சேர். உமர் அவங்களுக்கே தாங்க முடியல்ல.”

முடிவு: நாளை இஷாவுக்குப் பிறகு பேசலாம். ஆனால் பள்ளிக்குள் இல்லை, பக்கத்து மதரஸா மண்டபத்தில். “ஆயத்து வந்தா நான் ஓதுறேன், நீங்க சரித்திரத்த சொல்லுங்க.” சரி என்றேன். கரண்ட் இல்லை, போனில் பன்னிரண்டு வீதம் இருக்கிறது, மிச்சம் நாளைக்கு.

மூன்றாம் நாள், வியாழன்

செயலகத்தில் இன்று ஒரு பதில் கிடைத்தது: 1990 க்கு முன் நாங்கள் அந்த வளவில் குடியிருந்தோம் என்று தெரிந்த ஒருவரின் சத்தியக் கடதாசி வேண்டும், அயலவராக இருந்தால் நல்லது. அயலவர் என்றால் எல்லோருமே எங்களைப் போல் போனவர்கள்தானே என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பாவம், படிவத்தைப் பார்த்தாள்.

மாமாதான் மாஸ்டரை ஞாபகப்படுத்தினார். எங்கள் வளவுக்குப் பின் ஒழுங்கையில் இருந்தவர், வாப்பாவோடு ஒரு வகுப்பு, இளைப்பாறிய ஆசிரியர், எண்பதைத் தாண்டிவிட்டார். போனால், வீட்டில் இருந்து பேச மாட்டேன், ஓட்டோ பிடி என்றார். கண்டி வீதியில் பழைய பூங்காவுக்குப் பக்கத்தில் இடிந்து நிற்கும் பழைய கச்சேரிக்கு, அந்தக் கால மாவட்ட அரச செயலகத்துக்கு, கூட்டிக்கொண்டு போனார். சுவர் எல்லாம் வேர் ஓடி, கூரை இல்லாமல், யன்னல் இருந்த இடத்தில் வானம்.

“இந்தக் கேற்றடியிலதான் தம்பி இருந்தனாங்கள். எனக்கு அப்ப பதினெட்டு.”

1961 பெப்ரவரி 20. சிங்களம் மட்டும் சட்டத்தின் அமலாக்கத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம். முதல் நாளே பொலிஸ் இழுத்து எறிந்து அடித்தது, அடுத்த நாள் இன்னும் கூட ஆட்கள் வந்தார்கள். கிழக்கிலும் பரவியது, முஸ்லிம்களும் சேர்ந்து இருந்தார்கள். ஏப்ரலில் சொந்தத் தபால் சேவை நடத்தி முத்திரை வெளியிடும் அளவுக்குப் போனது. ஏப்ரல் 17 இரவு அவசரகாலச் சட்டம், இராணுவம் வந்து எல்லாவற்றையும் முடித்தது. மாஸ்டர் தொடையில் அடிபட்ட இடத்தைக் காட்டினார், வேட்டிக்கு மேலால், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “உன்ர வாப்பா மோர் கொண்டு வந்து தந்தவன். பொலிஸ் வாளியத் தட்டி ஊத்திப்போட்டாங்கள், திரும்பிப் போய் இன்னொரு வாளி கொண்டு வந்தவன்.” வாப்பா இதை ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு அவர் 1927 க்குப் போனார். இளைஞர் காங்கிரஸ் அழைத்து காந்தி யாழ்ப்பாணம் வந்தது, அவருடைய ஐயா கூட்டத்தில் நின்றது, கதர் நிதிக்குச் சங்கிலி கழற்றிக் கொடுத்த பெண்கள். நல்ல கதைகள்தான். ஆனால் எனக்குள் வேறு ஒன்று முட்டிக்கொண்டிருந்தது, கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டேன். மாஸ்டர், 90 இல் நாங்கள் போகும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?

ஓட்டோக்காரர் பீடியை அணைத்துவிட்டுத் தள்ளிப் போனார். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ தெரியாது.

“வீட்டுக்குள்ள நிண்டனான்.” கொஞ்சம் பொறுத்து, “யன்னல் சாத்திப்போட்டு. பெடியளுக்குப் பயம், அது ஒண்டு. அது மட்டும் எண்டு சொன்னா நான் பொய்யன். இவங்கள் போனா என்ன எண்டும் ஒரு மூலையில இருந்தது, தம்பி. இந்தக் கேற்றடியில பொலிசுக்கு முன்னால இருக்கப் பயப்படாத நான், என்ர ஒழுங்கையில வாய் திறக்கேல்ல.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லக் கூடாது போலவும் இருந்தது. சத்தியக் கடதாசி விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை வாறன் என்றார்.

இரவு மண்டபத்தில் நாற்பது பேர் அளவில் இருந்தார்கள், திரைக்குப் பின்னால் பெண்கள். மௌலவி கடைசி வரிசையில் சுவரோடு. நான் கித்மத்கார்களின் சத்தியப் பிரமாணத்தில் இருந்து தொடங்கினேன். இறைவனுக்கு யாருடைய பணிவிடையும் தேவையில்லை, அவன் படைப்புக்குச் செய்வதே அவனுக்குச் செய்யும் பணி. வன்முறை செய்ய மாட்டேன், பழிவாங்க மாட்டேன், என்னைக் கொடுமைப்படுத்தியவரை மன்னிப்பேன், ஒவ்வொரு நாளும் குறைந்தது இரண்டு மணி நேரம் பொதுவேலை செய்வேன். இரண்டு மணி நேரம் என்று வாசிக்கும்போது முன் வரிசையில் இருந்த வயதானவர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் அதைத் திட்டமிடவில்லை, இந்தத் தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதை மறந்துவிட்டேன்.

1920 ஃபத்வாவையும் இந்தப் பிரமாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினேன். ஃபத்வா மேலே இருந்து வந்தது, பெரிய பெயர்கள் கையெழுத்திட்டது, லட்சக்கணக்கில் ஆட்களை எழுப்பியது. 1922 இல் சௌரி சௌராவில் கூட்டம் பொலிஸ் நிலையத்தை எரித்த பிறகு காந்தி இயக்கத்தை நிறுத்தி, அந்த எழுச்சி காக்க நினைத்த கிலாபத்தை, முஸ்லிம் உலகின் தலைமைப் பதவியை, 1924 இல் துருக்கியே ஒழித்ததும் அந்த எழுச்சி கரைந்துவிட்டது. பிரமாணம் ஒவ்வொரு ஆளும் தன் வாயால் சொன்னது. 1930 ஏப்ரல் 23, பெஷாவர் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது கூட்டம் திருப்பி அடிக்கவில்லை, சுடச் சொன்ன கர்வாலிச் சிப்பாய்களில் ஒரு பகுதி சுட மாட்டோம் என்று நின்றுவிட்டது. அதனால் உலமா வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபத்வா இல்லாமல் பட்டாணியர் அவ்வளவு தூரம் போனது, அந்த மனிதர் ஊர் ஊராக நடந்து, அவர்களுக்குத் தெரிந்த தீனின், மார்க்கத்தின், சொல்லிலேயே பேசியதால்தான். அந்தச் சொல் இல்லாமல் நடந்திருக்காது. அதே நேரம் 1948 இல் பப்ராவில் இதே கித்மத்கார்களின் கூட்டத்தைச் சுட்டது ஒரு முஸ்லிம் மாகாண அரசு என்பதையும் மறைக்கவில்லை. எங்கள் பக்கத்தையும் சொன்னேன். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றதும், அந்தக் காலத்தில் கிழக்கில் ஊர்காவல் படை என்று துவக்கு வாங்கிய எங்கள் ஆட்களில் சிலர் தமிழ்க் கிராமங்களில் செய்ததும். மண்டபத்தில் கொஞ்சம் அசைவு. மாமா நிலத்தைப் பார்த்தார்.

கேள்வி நேரத்தில் ஒரு பெடியன், இருபது இருக்கும், எழும்பாமலே கேட்டான். “சேர், பட்டாணியன்ட துவக்கு இருந்தது, அவன் கீழ வச்சான். எங்களிட்ட என்ன இருந்தது? அடிக்க ஏலாதவன் அடிக்காம இருந்ததுக்குப் பேர் அகிம்சையா?”

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாளாகக் கற்பனையில் எல்லாருக்கும் பதில் சொன்னவன்.

திரைக்குப் பின்னால் இருந்து ஒரு வயதான பெண் குரல் வந்தது. “ஒண்டும் இல்லாம இல்ல மகன். பிள்ளைகள் இருந்தாங்க. முகாம்ல மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னால வச்சிப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுக்கிறது எண்டது என்ட கையிலதான் இருந்தது. தமிழனக் கண்டா கடி எண்டு சொல்லிக் குடுத்த ஆக்களும் இருந்தாங்க. நான் குடுக்கல்ல. அதுக்கு நான் எவ்வளவு நாக்கக் கடிச்சன் எண்டு அல்லாவுக்குத் தெரியும்.”

பெடியன் தலையாட்டினானா, சும்மா குனிந்தானா, தெரியவில்லை. 2020 இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை, உடல்களை, எரித்தபோது கொழும்பு பொரளை கனத்தை மயானக் கேற்றில் பிரேதம் சுற்றும் கபன் துணி கட்டியதைப் பற்றிப் பேச வைத்திருந்தேன், அடுத்த பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் நடந்ததையும், அதன் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒன்றாக இருந்ததையும். நேரம் போய்விட்டது. யாரோ வட்டிலப்பம் கொண்டு வந்திருந்தார்கள், பேச்சு அதோடு முடிந்தது.

நான்காம் நாள், வெள்ளி

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு ஒரு நண்பர், பெரியவரின் பலவீனத்தை இப்படி எழுதலாமா என்று கேட்டிருந்தார். எழுதும் முன் மாஸ்டரிடம் கேட்டேன், எழுது, பேரை மட்டும் விடு என்றார்.

ஜும்ஆவுக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கவில்லை, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மௌலவி மிம்பரில், பிரசங்க மேடையில், ஏறி ஓதிய வசனம் ஆதமின் இரண்டு பிள்ளைகள். எனக்கு நெஞ்சு படபடத்தது, என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று. சொல்லவில்லை. கப்பார் கான், ஸயீத், ஒருவர் பெயரும் வரவில்லை. ஆனால் நான் கவனிக்காத ஒன்றை எடுத்தார். தம்பி ஹாபில் கையை நீட்ட மாட்டேன் என்று சொன்னார் பாருங்கள், அதைச் *சொன்னார்*. நீ செய்யப்போவது பாவம், அந்தப் பாவத்தையும் சுமந்துகொண்டு நரகத்துக்குப் போவாய் என்று கொல்ல வந்தவனின் முகத்துக்கு நேரே சொன்னார். “கையக் கட்டினாங்க, வாயக் கட்டல்ல. நாம சபூர் எண்டு சொல்லிச் சொல்லி ரெண்டையும் கட்டிட்டம். அநியாயம் செஞ்சவன்ட முகத்தப் பாத்து, நீ செஞ்சது அநியாயம் எண்டு சொல்றதும் சபூர்ட ஒரு பகுதிதான்.” இதை அவர் புலிகளை நோக்கி மட்டும் சொல்லவில்லை. ஆட்சியில் இருக்கிறவர்களைப் பகைக்க வேண்டாம், சமூகத்துக்குப் பாதிப்பு என்று ஒவ்வொரு தடவையும் எங்கள் பெரியவர்களும் தலைமைகளும் எங்களை அடக்கி வைத்ததையும் ஒரு வசனத்தில் தொட்டுவிட்டுப் போனார். ஒரே வசனம்தான், ஆனால் நிர்வாக சபையில் இரண்டு பேர் இருமினார்கள்.

தொழுகை முடிந்து செருப்புத் தேடும் இடத்தில் பிடித்தேன். பெயர் சொல்லாமல் விட்டதற்குக் கோபமா என்று அவரே கேட்டார். “மிம்பர்ல பேர் சொன்னா, பேரப் பத்தித்தான் சண்டை வரும். அவர் ஆலிமா, இவர் எந்தக் கொள்கை, காபிரோட சேர்ந்தவரா எண்டு. ஆயத்தோட எவனும் சண்டைக்கு வர மாட்டான்.”

யோசித்துப் பார்த்தால் அதிகாரம் வேலை செய்யும் விதம் இதுதான் போலிருக்கிறது. நான் ஒன்றரை மணி நேரம் தேதி, ஊர் எல்லாம் சொல்லிப் பேசியது நாற்பது பேருக்கு. இவர் பன்னிரண்டு நிமிடத்தில் ஊருக்கே சொல்லிவிட்டார், அதுவும் என்னைவிட நன்றாக. பொறாமை இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு பயமும் இருக்கிறது. இந்த மிம்பரில் நாளைக்கு வேறொருவர் ஏறி அதே குரலில் வேறு வசனத்தைச் சொன்னாலும் தலையாட்ட இதே ஆட்கள்தான் இருப்பார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு, குண்டை வெடிக்க வைத்தவர்களின் உடல்களை நாங்கள் பொறுப்பெடுக்க மாட்டோம் என்று உலமாக்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா சொன்னது. அதைச் சொல்ல அந்த அதிகாரம் தேவைப்பட்டது. ஆனால் அந்த மனிதர்களும் யாரோ ஒருவரின் பயானை, மார்க்கப் பேச்சை, கேட்டுத்தானே போனார்கள். மௌலவியிடம் இதைச் சொன்னேன். “அதுக்குத்தான் சேர் நீங்க மண்டபத்தில பேசணும். நான் சொல்றதோட கேள்வி கேக்க ஏலாது, குத்பாவுக்குள்ள வாய் திறக்கிறதே கூடாது. உங்களிட்ட அந்தப் பெடியன் கேட்டானே.”

மத்தியானம் மாமா வீட்டில் சஹனில், சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டில், சோறு. மாமி கேட்டார், “உன்ட கதையத்தானே மௌலவி சொன்னாரு?” இல்லை மாமி, அது ஹாபிலின் கதை என்றேன். “எல்லாம் ஒண்டுதான், சோத்தப் போடு.”

ஐந்தாம் நாள், சனி

பஸ் ஒன்றரைக்கு. மாஸ்டர் காலையிலேயே வேட்டி சால்வையோடு வந்துவிட்டார், 1961 இல் கச்சேரிக்கும் இப்படித்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சமாதான நீதவான் ஒருவரின் வீட்டு முன்விறாந்தையில்தான் வேலை, டைப் அடிக்கும் பிள்ளையும் அங்கேயே இருந்தாள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கிறது, பெயரையும் வளவையும் மாற்றினால் சரி.

அடித்து முடித்து நீட்டினாள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வரி வரியாக வாசித்தார். மூன்றாம் பந்தியில் விரல் நின்றது. “மேற்படி குடும்பத்தினர் 1990.10.30 ஆம் திகதி மேற்படி காணியில் இருந்து இடம்பெயர்ந்து சென்றனர்.”

“இது பிழை.”

திகதியா என்று அந்தப் பிள்ளை கேட்டாள். திகதி சரி, சொல் பிழை என்றார். நீதவான் எட்டிப் பார்த்துவிட்டு, ஐயா, எல்லாருக்கும் இப்படித்தான் போடுறது, செயலகத்தில் கேட்கிற சொல்லும் இதுதான், மாத்தினால் சிலவேளை திருப்பி அனுப்புவார்கள் என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். திருப்பி அனுப்பினால் எனக்குத்தான் இன்னொரு பயணம், இன்னொரு ஒரு கிழமை லீவு. நான் வாய் திறக்கும் முன்பே அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, இடம்பெயர்ந்து சென்றனர் என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்து, மேலே இடுக்கில், பள்ளிக்கூட வாத்தியாரின் குண்டெழுத்தில் எழுதினார்: வெளியேற்றப்பட்டனர்.

“வெட்டின இடத்தில சின்னக் கையெழுத்து வைக்கோணும் ஐயா,” என்றார் நீதவான். “ரெண்டு பேரும்.”

மாஸ்டர் வைத்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். வைக்க வேண்டிய மற்ற ஆள் நான் இல்லை, நீதவான் என்று அந்தப் பிள்ளை திருத்தினாள். முத்திரை இருநூறு ரூபாய், டைப்புக்கு நூற்றைம்பது, திருத்தத்துக்குக் காசு எடுக்கவில்லை.